நடுக்காட்டில் குரைப்பது யார்?

முதுமலையிலோ டாப்சிலிப்பிலோ வனத்துறை விடுதியில் தங்கியவர்கள் சிலர், நள்ளிரவில் நாய் குரைப்பதைக் கேட்டுத் திகைத்திருப்பார்கள். ஊரே இல்லாத இடத்தில் நாய் ஏது?

பெரும்பாலும் அது கேளையாடு. மான் இனத்தைச் சேர்ந்தது. எடை சுமார் 25 கிலோதான். அந்தச் சின்ன உடம்பிலிருந்தா இவ்வளவு பெரிய சத்தம் என்று நேரில் பார்த்தாலும் நம்பமுடியாது. சிறுத்தையோ புலியோ செந்நாயோ பக்கத்தில் இருப்பதாகச் சந்தேகம் தட்டினால் போதும், குரைக்கத் தொடங்கிவிடும். சில இரவுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். பதுங்கி வந்து பாயும் விலங்குக்கு, தன்னை இரை பார்த்துவிட்டது என்று தெரிந்தாலே பாதி வேட்டை கெட்டது. இந்தக் குரைப்பின் பயன் அதுதான்.

கடமானும் இப்படி எச்சரிக்கும், ஆனால் விட்டுவிட்டு, ஒற்றை ஒலியாக. ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் கரகரவென்று கேட்டால், அது சிறுத்தையேதான்!

ஆகவே காட்டில் இரவுக் குரைப்பு கேட்டால், டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடிப் போகாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். விடிந்ததும் வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள்.