கறளுக்கு வொரன்டி இல்லை

ஒரே கடை, ஒரே கிழமை, ஒரே மொடல். ஒரு பிரிட்ஜ் வீரமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மற்றது மருதமுனையில் கடலடியில் இருக்கும் கூட்டாளி வீட்டுக்குப் போனது. மூன்றாம் வருஷம் அவனுடைய பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். கீழ் மூலைத் தகடு விரல் பட்டதும் பொருபொருவென்று உதிர்ந்தது. பின்பக்கம் கம்பிவலை மாதிரி ஓடும் குழாயில் கறுப்புப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதில் ஒரு கொப்புளத்தின் அடியில்தான் காஸ் போயிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியில் அதே மூலையில் ஒரு சிலந்தி குடியிருந்தது, வேறொன்றுமில்லை.

கடைக்காரர் வொரன்டி காட்டை வாங்கிப் படித்தார். கொம்பிரஸருக்குப் பத்து வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"கொம்பிரஸர் நல்லாத்தான் இருக்கு தம்பி. கறளுக்கு வொரன்டி இல்ல."

"அப்ப எதுக்குத்தான் காக்கா வொரன்டி?"

கூட்டாளி கோபத்தில் கேட்ட இந்தக் கேள்வி நல்ல கேள்வி.

ஒரே வகைப் பெட்டிகள் ஆயிரத்தை ஒரே நாளில் விற்று, எவை எப்போது பழுதாகின்றன என்று கோடு கீறிப் பாருங்கள். தொடக்கத்தில் கோடு உயரத்தில் நிற்கும். சரியாகப் பற்றாத ஒட்டு, தொழிற்சாலையிலேயே தளர்ந்த திருகு எல்லாம் முதல் மாதங்களில் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கோடு இறங்கி நெடுங்காலம் தட்டையாகக் கிடக்கும். கடைசியில் தேய்மானம் வந்து மறுபடி ஏறும். பார்த்தால் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு. பொறியியலாளர்களும் அதைத் தொட்டி வளைகோடு என்றே சொல்கிறார்கள். இந்த மூன்று பகுதிகளையும் ஒரே சூத்திரத்தின் வெவ்வேறு வடிவங்களாக எழுதலாம். சுவீடன்காரரான வலோடி வெய்புல் 1951இல் ஒரு கட்டுரை மூலம் பரப்பிய சூத்திரம் அது. உற்பத்தியாளர் உத்தரவாதக் காலத்தை வைப்பது தொட்டியின் இடது சுவரைத் தாண்டி, தட்டை நிலத்தில் எங்கோ. வலது சுவர் வாங்கினவன் பாடு. காட்டில் இருப்பதை நாம் வாக்கு என்று வாசிக்கிறோம். அச்சடித்தவர்களுக்கு அது கணக்கு.

கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது: காற்று.

அலை உடையும்போது நுரைக்குள் கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் பொடித் துளிகளை மேலே எறிகிறது. துளியின் நீர் ஆவியாகப் போக, உப்பு காற்றில் மிதக்கும். பெரிய துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும், நுண்ணியவைதான் தூரம் போகும். கடலுக்கும் வீரமுனைக்கும் நடுவில் காரைதீவும் வயல்வெளியும் கிடக்கின்றன. எங்கள் சிலந்தி பிழைத்தது அதனால்தான். மருதமுனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. வாடையும் கொண்டலும் கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வரும், கச்சான் வீசும் மாதங்களில்தான் தகரத்துக்கு ஓய்வு.

உப்பு வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தால் தீங்கு பெரிதில்லை. அது தண்ணீரைக் குடிக்கிறது, அதுதான் சங்கதி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகக் கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் தகட்டின் மேல் கண்ணுக்குப் படாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலத்துக்குள் செம்புக் குழாயும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு குட்டி பற்றரி. செம்பு தப்பும், இரும்பு கரையும்.

இதற்கு அளவும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேச நியமம் காற்றின் அரிக்கும் வலுவைப் படிகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் படியில் வெறும் இரும்பு முதல் வருஷத்தில் 25 முதல் 50 மைக்ரோமீற்றர் வரை தேயும். ஐந்தாம் படியில் 80 முதல் 200 வரை. ஒரு தலைமயிரின் பருமன் எழுபது சொச்சம் என்று வைத்துக்கொண்டால் விளங்கும். ஒரு ஊரின் தொட்டி வளைகோட்டில் வலது சுவர் பன்னிரண்டாம் வருஷத்தில் நிற்கலாம், இன்னொரு ஊரில் அதே சுவர் மூன்றாம் வருஷத்துக்கு நகர்ந்து வந்துவிடும். இரண்டு ஊருக்கும் காட் ஒன்றுதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் பொருள் விற்பனைக்கு அடிப்படை, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். பிரித்தானியாவின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதியது. வீட்டு பிரிட்ஜ் என்ற சாமானே இல்லாத காலம் அது. ஆனாலும் அதன் 15ஆம் பிரிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்ன தேவைக்கு என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், சாமான் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே விற்பனைக்குள் வந்துவிடுகிறது. அடுத்த வரியில் ஒரு பொறி: வியாபாரப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நாம் எல்லோரும் பெயரைச் சொல்லித்தானே வாங்குகிறோம்! பிரித்தானியர் இந்த விதிவிலக்கை 1973இல் தூக்கியெறிந்தார்கள். நமக்குத் தந்துவிட்டுப் போனதை நாம் வைத்திருக்கிறோம்.

1979, 1987ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2003இல் வந்தது 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். எழுதிய உத்தரவாதம் மட்டுமல்ல, எழுதாமல் உட்கிடையாக வரும் உத்தரவாதம் மீறப்பட்டாலும் அதிகாரசபை விசாரிக்கலாம். நட்டஈடு, மாற்றுச் சாமான், கொடுத்த பணம் என்று உத்தரவிடவும் முடியும். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மூன்று மாதத்தில் கறள் முகம் காட்டாது.

வேறு நாடுகள் வேறு பாதையில் போய்விட்டன. அவுஸ்திரேலியாவில் 2011இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம் வருஷக் கணக்கே சொல்லாமல், சாமான் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் குறைந்தது இரண்டு வருஷப் பொறுப்பை விற்பவர்மேல் வைத்து, நீடித்துழைப்பதையும் தரத்தின் ஒரு பகுதியாக்கின. முதல் வருஷத்தில் தெரியவரும் குறை, கையில் கொடுத்தபோதே இருந்த குறையென்றே கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் வேலை.

போன மாதம் கூட்டாளி புதிய பிரிட்ஜ் வாங்கப் போனான். துணைக்கு நானும் போனேன். வாசலிலேயே தொடங்கிவிட்டான்: "காக்கா, வீடு கடலடியில. பேர் ஒண்டும் நான் சொல்லமாட்டன். தோதானத நீங்களே காட்டுங்க."

கடைக்காரர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, வரிசையில் நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு கடையில் பிரிட்ஜின் முதுகைக் காட்டி வியாபாரம் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒன்றில் குழாய் வெளியே தெரியவில்லை, பக்கச் சுவருக்குள் புதைத்திருந்தது. உப்புக் காற்று நேரே படாது. உள்ளே ஓட்டை விழுந்தால் திருத்துவது பெரும்பாடு என்பதையும் அவரே சொன்னார், அதற்கு ஒரு சலாம். அதையே எடுத்தோம்.

பில் போடும்போது, கடற்கரைப் பாவனைக்கு என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னான் கூட்டாளி. பேனை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. மொடல் இலக்கத்துக்குக் கீழே "கடற்கரை வீடு" என்று இரண்டு சொல்லை மட்டும் எழுதி, கையெழுத்துப் போடாமல் நீட்டினார்.