சிரிப்புக்குப் பின்னால் ஒரு சிறுவன்

வீட்டுக்கு வந்த விருந்தினர் ஏழாம் வகுப்பு மாணவனைப் பார்த்து, "தம்பி, எப்படிப் படிக்கிறாய்?" என்று வினவுகின்றனர். தாய் வாய் திறக்குமுன் அவனே முந்திக்கொள்கிறான்: "மூளை முழுவதும் அக்காவுக்கு, அழகு முழுவதும் தங்கைக்கு. என் பங்குக்கு வந்தவை இந்த இரு காதுகளே!" அனைவரும் நகைக்கின்றனர், அவனும் நகைக்கிறான். பெற்றோரே, அச்சிரிப்பைச் சற்றே உற்றுக் கேளுங்கள். பிறர் எறியக்கூடிய கல்லைத் தானே எடுத்துத் தன்மீது மெல்லப் போட்டுக்கொள்ளும் உபாயம் அது.

பதினொன்று முதல் பதினான்கு வரையுள்ள வயது விந்தையானது. குரல் உடைகிறது, கைகால்கள் திடீரென நீள்கின்றன, முகத்தில் பரு அரும்புகிறது. வளரிளம் பருவத்தினர் தம்மை எந்நேரமும் ஒரு கூட்டம் உற்றுநோக்குவதாக எண்ணிக்கொள்கின்றனர் என்று அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் எழுதினார். அக்கூட்டம் கற்பனையே. ஆனால், ஒப்பிட்டுப் பேசும் வீட்டிலோ அது உண்மையாகவே அமர்ந்திருக்கிறது!

தாழ்வுணர்ச்சியை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆல்பிரட் ஆட்லரின் இளமையே இதற்குச் சான்று. 1870-இல் வியன்னாவுக்கருகே பிறந்த அவர் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயால் நலிந்தார். ஓடியாடும் அண்ணனைக் கண்டு ஏங்கினார். அவர் கணக்கில் பின்தங்கியபோது, செருப்புத் தைக்கும் தொழிலில் சேர்த்துவிடும்படி ஆசிரியர் ஒருவர் கூறியதாகவும், தந்தை அதற்கு இணங்காமல் மகனை ஊக்குவித்ததாகவும் அவர் வரலாறு கூறும். அத்தொழில் இழிவன்று, 'உன்னால் இயலாது' என்ற தீர்ப்பே கொடிது. அச்சிறுவன் கணக்கிலும் தேறி, 1895-இல் மருத்துவப் பட்டமும் பெற்றான்.

எனவே, பிள்ளையின் நகைச்சுவையைத் தடுக்க வேண்டா. அது நல்ல கொடையே. ஆயின், ஒவ்வொரு கேலிக்கும் அவனே இலக்காவானாயின் விழித்துக்கொள்ளுங்கள். அக்கேலியை நீங்களும் பிறர்முன் திருப்பிச் சொல்லாதீர்கள். 'குண்டன்', 'ஒல்லிப்பிச்சான்' போன்ற பட்டப்பெயர்களை வீட்டைவிட்டு அகற்றுங்கள். அக்காளின் மதிப்பெண்ணை அவனுக்கு அளவுகோலாக்காதீர்கள். பாட்டிக்கு வேளைதவறாமல் மருந்து எடுத்துக் கொடுப்பது போன்ற ஒரு பொறுப்பை அவனிடம் ஒப்படைத்து, செவ்வனே செய்தபோது பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பின்னர் தனிமையில், "அன்று நீ சொன்னதை நீயே நம்புகிறாயா?" என்று கனிவோடு கேளுங்கள். அவன் உடனே விடையளிக்காமல் போகலாம். ஆயினும், கேட்பதற்கு வீட்டில் ஒருவர் உண்டு என்பதை அவன் அறிந்துகொள்வான்.