தேதி இருக்கிற பிள்ளைகள்

பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு மூன்று பிறந்தநாள் வருவது சாதாரணம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கும் தேதி பள்ளிக்கூடத்துக்கு. அன்று ஒரு பை டொபியோடு வகுப்புக்குப் போக வேண்டும். மாதமும் நட்சத்திரமும் கூடும் நாள் கோயிலுக்கு. பூசாரியிடம் பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை. கேக் வெட்டுவது மட்டும் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கையில் காசு இருக்கும், கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவும் வீட்டில் இருப்பாள்.

பதுளை டவுனில் வாங்கிய கேக், வளைவுக்கு வளைவு சாயும் பஸ்ஸில் யாராவது ஒருவர் மடியில் ஏறித் தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. லயத்து வாசலில் பலூன், போனில் பாட்டு, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு மிக்சரும் சோடாவும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஒரு கிலோ கேக்குக்கு அந்த ஒரு நாள் சம்பளம் போதாது. “கடன் வாங்கியாவது கேக்கு வெட்டணுமா?” என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். “நமக்குத்தான் ஒண்ணும் இல்ல, புள்ளைக்காவது செய்வோமே” என்பது தாய் தகப்பனின் பதில்.

அந்த ‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குள் கேக்கை விடப் பெரிய சங்கதி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பாட்டியிடம் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் தேதி வராது. தீமிதிக்கு முந்தின வாரம் என்பார். பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் என்பார். பஞ்சம் என்று அவர் சொல்வது 1973, 74-இல் தோட்டங்களை வாட்டிய பட்டினியை. காமன்கூத்து, வெள்ளம், கலவரம், மாறிப்போன துரைமார் என்று அவர் காலத்துக்கு வேறு அடையாளங்கள்.

இலங்கையில் பிறப்பைப் பதியும் முறை 1867-இல் தொடங்கியது, 1897-இல் கட்டாயமானது. தோட்டத்தில் பிறந்த குழந்தை என்றால் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் தோட்ட அத்தியட்சகரிடம் கொடுத்திருந்தது. லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், தகப்பன் வழியாகத் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து பதிவாளரிடம் போக வேண்டும். இடையில் எங்கே தடங்கினாலும் தேதி மாறியது, பேர் மாறியது, சில பிறப்புகள் பதிவாகாமலே போயின.

வேறு இடமாக இருந்தால் அது சின்னத் தொல்லையோடு முடிந்திருக்கும். மலையகத்தில் அது குடியுரிமையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்தவரின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அன்றைக்கு நாற்பது வயதானவரின் பாட்டனும் பூட்டனும் பிறந்த காலத்தில் பதிவு முறையே பெரும்பாலும் இல்லை. இல்லாத காகிதத்தை எங்கே போய்த் தேடுவது?

1964 அக்டோபர் 30-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இப்படி நாடற்றவராகிப்போனவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மீதி 150,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள உடன்பட்டன. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகே நாடற்றவர் என்ற பேர் ஒழிந்தது. ஆகவே இன்று கேக்குக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் தாத்தா, தன் பிறப்பை நிரூபிப்பதற்காகக் கச்சேரிக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்தவராக இருக்கக்கூடும்.

தேதி இன்னும் விடாமல் தொடர்கிறது. அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்தநாள் ஒளிந்திருக்கிறது. 2010 மார்ச் 1-இல் பிறந்த பையனின் இலக்கம் 2010061 என்று தொடங்கும். முதல் நான்கு எண்கள் ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு வைப்பதால் மார்ச் 1 அறுபத்தோராவது நாள். பெண்பிள்ளைக்கு அதோடு 500 கூட்ட வேண்டும். அதே நாளில் பிறந்தவள் 2010561. அத்தாட்சிப் பத்திரத்தில் தேதி பிழைத்தால் இலக்கமும் சேர்ந்து பிழைக்கிறது. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். தோட்ட ஆபீஸ் பதிவில் ஒரு வயது, அட்டையில் ஒரு வயது என்று இருப்பவர், உழைத்த காசைக் கையில் வாங்க அலையத்தான் வேண்டும்.

பேரும் அப்படியே. தமிழில் சொன்ன பேர் சிங்களத்தில் எழுதப்பட்டு மறுபடி தமிழுக்கு வரும்போது சிவகாமி வேறு யாரோ ஆகிவிடுவாள். 1999-இல் பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, ஹப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டதால், அங்கே தமிழிலேயே கருமம் ஆற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாதது தனிக் குறை.

காகிதத்தை வைத்திருக்கும் இடமும் முக்கியம். 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு அவற்றில் இருந்த பத்திரங்களும் புதைந்தன. இப்போது பல வீடுகளில் பிள்ளையின் அத்தாட்சிப் பத்திரம் பிளாஸ்டிக் உறையில், தடுப்பூசி அட்டையோடு பெட்டியில் இருக்கிறது. அதன் படம் போனிலும் இருக்கிறது.

பிறந்தநாள்களில் தோட்டத்துப் பெற்றோர் அதிகம் கணக்குப் பார்ப்பது ஐந்தாவதைத்தான். ஜனவரி 31-இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் அந்த ஆண்டு முதலாம் வகுப்பு. பெப்ரவரி முதல் வாரத்தில் பிறந்தவனுக்கு இன்னொரு வருஷம் முன்பள்ளி. அனுமதி விண்ணப்பங்களை முந்தின ஆண்டின் நடுவிலேயே கேட்டுவிடுவார்கள் என்பதால், பேரிலோ தேதியிலோ பிழை இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போய் வர வேண்டிய காலம் பிள்ளையின் நான்காவது பிறந்தநாள் முடிந்த கையோடு தொடங்குகிறது.