ஆர்சனல் 2025-26: தோல்வி இல்ல, டிராதான் வில்லன்!

போன சீசன் பிரீமியர் லீக்ல ஆர்சனல் எத்தனை மேட்ச் தோத்துச்சு தெரியுமா? வெறும் 4. சாம்பியன் லிவர்பூலும் அதே 4தான்! அப்புறம் எப்படி 10 பாயின்ட் வித்தியாசம்? லிவர்பூலுக்கு 9 டிரா, ஆர்சனலுக்கு 14!

அதனால டிஃபென்ஸைப் பத்திக் கவலை வேண்டாம். சலிபா, கேப்ரியல், கோல்கீப்பர் ராயா இருக்கும் அணி விட்டது 34 கோல்தான். லீக்கிலேயே அதுதான் குறைவு. சிக்கல், கோல் அடிப்பதில்தான். ஹாவெர்ட்ஸ், ஜீசஸ் இருவருக்கும் காயம். மிட்ஃபீல்டர் மெரினோவையே ஸ்ட்ரைக்கர் ஆக்கினார் கோச் ஆர்டெட்டா.

இப்போ அந்த இடத்துக்கு யோக்கரெஸ் வந்தாச்சு. போர்ச்சுகல் லீக்கில் போன சீசன் மட்டும் 39 கோல்! ஆனா, அவசரப்படாதீங்க. அதே லீக்கின் டாப் ஸ்கோரராக 2022-ல் லிவர்பூலுக்கு வந்த நூனியஸ் எப்படித் தடுமாறினார்னு பார்த்தோமே!

மிட்ஃபீல்டில் பார்ட்டே, ஜோர்ஜின்யோ கிளம்பிட்டாங்க; சுபிமெண்டி, நோர்கார்ட் உள்ளே. சாகாவுக்கு ஓய்வு கொடுக்க மடுவேக்கே.

தொடர்ந்து 3 சீசனாக ரெண்டாவது இடம். கடைசியாகப் பட்டம் ஜெயித்தது 2004-ல். இந்த முறை பெரிய மேட்ச்களை மட்டும் பார்க்காதீங்க. மொத்த டீமும் கோல் போஸ்ட் முன்னாடி நிற்கும் சின்ன அணிகள், 70-வது நிமிஷம், ஸ்கோர் 0-0... அங்கே யோக்கரெஸ் அடிச்சா, 1 பாயின்ட் 3 ஆகும். பட்டமும் அங்கேதான் இருக்கு!