பெரிய மாதிரி விமானமும் பெருக்கல் கணக்கும்



வானில் விமானம் செல்லும் ஓசை கேட்டு அண்ணாந்து பார்க்காத பிள்ளை இல்லை. தாளை மடித்து விமானம் செய்து பறக்கவிடாத பிள்ளையும் இல்லை எனலாம். இவ்விரண்டிற்கும் இடையே வேறொரு வகை உண்டு. உண்மையான விமானத்தின் உருவை அப்படியே சிறிதாக்கி, மூன்று நான்கு மீட்டர் நீள இறக்கை அமைத்து, இயந்திரம் பூட்டி, தரையில் நின்றபடியே இயக்கும் பெரிய மாதிரி விமானமே அது. உறுப்புகளைப் பெட்டியாக வாங்கிப் பொருத்துவோரும் உளர். வரைபடம் முதல் கடைசித் திருகாணி வரை தம் கையாலேயே செய்து முடிப்போரும் உளர். பின்னவரின் வேலையைப் பற்றியே ஈண்டு விளக்க முற்படுகிறோம். அவ்வேலைக்கு இரம்பமும் உளியும் தேவைதான். ஆயினும் அவற்றுக்கும் முன்னே வேண்டுவது, நம் பள்ளியில் நாள்தோறும் கற்பிக்கப்படும் பெருக்கல் வகுத்தல் கணக்கே ஆகும்.

ரப்பர் இழையால் பறந்த விமானம்

மாதிரி விமானத்தின் வரலாற்றில் நமக்கு நெருங்கிய பொருள் ஒன்றுக்கு இடமுண்டு. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில், அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயது இளைஞர் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். எடையோ 16 கிராம்தான். அது 11 வினாடிகள் நிலைகுலையாமல் பறந்தது. அதன் சுழல்விசிறியைச் சுழற்றியது, முறுக்கிவிடப்பட்ட ரப்பர் இழை! இன்று நம் தோட்டங்களில் நிற்கும் ரப்பர் மரத்தின் நாற்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தது, அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து 1877இல்தான்.

"அந்தச் சிறு விமானத்தையே பத்து மடங்கு பெரிதாகச் செய்தால் பெரிய விமானம் கிடைத்துவிடாதா?" என்று மாணவர் வினவலாம். கிடைக்காது. ஏன் என்பதைக் காண்போம்.

நீளம் வேறு, பரப்பு வேறு, எடை வேறு

ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள சிறு மரக்கட்டைகள் பல நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை அடுக்கி, ஒவ்வொரு பக்கமும் 3 சென்டிமீட்டர் உள்ள பெரிய கட்டை ஒன்றை அமைக்க எத்தனை வேண்டும்? அவசரத்தில் 'மூன்று' என்பார் சிலர். 'ஒன்பது' என்பார் வேறு சிலர். அடுக்கிப் பார்த்தால் 27 வேண்டும். அதன் ஒரு முகத்தில் தெரிபவை 9. ஆகவே, நீளம் 3 மடங்கானால் பரப்பு 9 மடங்காகிறது. எடை 27 மடங்காகிறது.

விமானத்தை மேலே தூக்குவது இறக்கையின் பரப்பு. கீழே இழுப்பது அதன் எடை. மூன்று மடங்கு பெரிதாக்கினால், 9 மடங்கு இறக்கை 27 மடங்கு எடையைத் தூக்க வேண்டும். இறக்கையின் ஒவ்வொரு சாண் பரப்பும் முன்னைப்போல் மூன்று மடங்கு சுமையைத் தாங்க நேரிடும். அதனால் அது முன்னிலும் விரைவாகச் செல்ல வேண்டும். இறக்கையைத் தாங்கும் கட்டைகளின் குறுக்குவெட்டுப் பரப்பும் 9 மடங்கே பெருகுவதால், சுமை மிகுந்து முறியும் ஆபத்தும் வளர்கிறது.

நீரில் விழுந்த பெருமுயற்சி

இந்த விதியின் கடுமையை வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்த அறிஞர் சாமுவேல் லாங்லி, 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நீராவியால் இயங்கும் ஆளில்லா மாதிரி விமானம் ஒன்றைப் பொட்டோமாக் ஆற்றின் மேல் பறக்கவிட்டார். ஏறத்தாழ 4 மீட்டர் இறக்கை கொண்ட அது, சுமார் 1,000 மீட்டர் தூரம் பறந்தது. உலகமே வியந்தது. பின்னர் அமெரிக்க அரசு வழங்கிய 50,000 டாலரின் துணைகொண்டு, ஆள் ஏறிச் செல்லத்தக்க ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய விமானத்தை அவர் கட்டினார். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும் அது ஏவப்பட்டது. இருமுறையும் ஆற்றில் விழுந்தது. விமானி சார்லஸ் மேன்லி உயிர் தப்பினார். ஏவும் கருவியே காரணம் என லாங்லி கருதினார். பெரிதாக்கப்பட்ட சட்டகம் போதிய வலுவின்றி இருந்தது என்பது பின்னாளில் ஆராய்ந்தோர் பலரின் முடிவு.

இரண்டாம் தோல்விக்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள், மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் என்னுமிடத்தில் பறந்து காட்டினர். அவர்கள் 1901இல் காற்றுக்கூண்டு ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்து, எண்களை எழுதிவைத்திருந்தனர் என்பது நினைவுகொள்ளத்தக்கது.

ஒரு விமானத்தைச் சிறிதாக்குவோம்

இனி, பைப்பர் ஜே-3 கப் என்னும் புகழ்பெற்ற சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 20,000 கட்டப்பட்டன. மாதிரி விமானம் செய்வோர் பெரிதும் விரும்புவது இதுவே. இதன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10.74 மீட்டர், நீளம் 6.83 மீட்டர்; இறக்கைப் பரப்பு 16.6 சதுர மீட்டர். ஆளும் எரிபொருளும் இன்றி எடை 345 கிலோ.

இதை மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்ய எண்ணுவோம். இறக்கை 3.58 மீட்டர், நீளம் 2.28 மீட்டர் ஆகும். எடை? மூன்றால் வகுத்தால் 115 கிலோ. இரண்டு ஆட்களின் எடையை அவ்வளவு சிறிய இறக்கை எங்ஙனம் தூக்கும்? சரியான கணக்கில் பரப்பை 9ஆல் வகுக்க வேண்டும், 1.84 சதுர மீட்டர் வரும். எடையை 27ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 13 கிலோ வரும். இந்த 13 கிலோவே செய்பவரின் வரவு செலவுத் திட்டம். இயந்திரம், சக்கரம், மின்கலம், வண்ணப்பூச்சு யாவும் இதற்குள் அடங்க வேண்டும். பால் நிறுக்கும் இடத்தில் ஒவ்வொரு கிலோவிற்கும் கணக்கு உண்டென்பதை நம் பெற்றோர் நன்கறிவர். இங்கோ ஒவ்வொரு கிராமிற்கும் கணக்கு உண்டு.

கட்டும் முறை

முதலில் முழு அளவு வரைபடம் தீட்டி, நீண்ட மேசைமேல் விரிப்பர். அதன்மேலேயே உறுப்புகளை வைத்து ஒட்டுவதால் கோணல் நேராது. இறக்கைக்கு முனையிலிருந்து முனைவரை ஓடும் வலிய கட்டைகள் முதுகெலும்பு போன்றவை. அவற்றின் குறுக்கே மெல்லிய விலாக்கள் வரிசையாக நிற்கும். கட்டைகளுக்கு உறுதியான மரமும் ஒட்டுப்பலகையும் ஏற்றவை; விலாக்களுக்குப் பால்சா மரம் ஏற்றது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ரப்பர் மரக்கட்டை ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். அதே அளவு பால்சா ஏறத்தாழ 150 கிராம்தான். சட்டகம் முடிந்ததும், வெப்பம் பட்டால் இறுகும் செயற்கை இழைத் துணியைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் முரசின் தோல்போல் இறுக்குவர். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் இயந்திரம் மூக்கில் பூட்டப்படும். தோளில் மாட்டிப் புல்வெட்டும் இயந்திரத்திற்கு இது உறவு எனலாம்.

அடுத்தது சமநிலை. இறக்கையின் அகலத்தில், முன்னோரத்திலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே எடை சமமாக நிற்க வேண்டும். ஏற்றப் பலகை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமநிலைப் புள்ளிக்குப் பின்னே 1.5 மீட்டரில் உள்ள வாலில் 100 கிராம் கூடினால், முன்னே அரை மீட்டரில் உள்ள மூக்கில் 300 கிராம் ஈயம் சேர்க்க வேண்டும். கவனமின்றி வாலில் பூசிய பசைக்கு நாம் மொத்தத்தில் 400 கிராம் விலை கொடுக்கிறோம். எனவேதான் கைதேர்ந்தவர்கள் வாற்பகுதியை இறகுபோல் செய்கின்றனர்.

பறக்கவிடுமுன்

13 கிலோ எடையுள்ள பொருள் வானிலிருந்து ஒருவர்மேல் விழுந்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சோதனைகள் பல உண்டு. விமானம் திரும்பும்போது தன் எடையைப் போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்கவேண்டும் எனக் கொண்டால், அது 52 கிலோ. விமானத்தைத் தலைகீழாக நிறுத்தி, 52 கிலோ மணலைச் சிறு பைகளில் இறக்கை முழுதும் பரப்பிப் பார்க்கலாம். முறிவதாயின் தரையிலேயே முறியட்டும்! இயக்கும் கருவியின் தொடர்பு அறுந்தால் இயந்திரம் தானே தணியும்படி அமைக்க வேண்டும். ஒரு மின்கலம் கெட்டால் மற்றொன்று காக்கவேண்டும். சுழலும் விசிறியின் அருகே கையோ குழந்தையோ வரலாகாது. ஐக்கிய இராச்சியத்தில் 25 கிலோவிற்கு மேற்பட்ட மாதிரி விமானங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். நம் நாட்டிலும் வான் போக்குவரத்து விதிகளை அறிந்து, உரிய அனுமதியுடன், மக்கள் இல்லாத திடலிலேயே பறக்கவிடல் வேண்டும்.

இத்தகைய விமானம் ஒன்றைக் கட்டி முடிக்கப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். பணமும் மிகுதியாக வேண்டும். நம் மாணவர் இன்றே அதில் இறங்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஓர் அட்டை, ஒரு குச்சி, ஒரு ரப்பர் வளையம் போதும். சிறு விமானம் ஒன்று செய்யுங்கள், நிறுங்கள், பறந்த தூரத்தை அளந்து எழுதுங்கள். பின்னர் அதை இருமடங்கு பெரிதாகச் செய்து, நிறுத்து, மீண்டும் அளந்து பாருங்கள். இக்கட்டுரையில் கண்ட விதி உங்கள் கையிலேயே விளங்கும்.

பெற்றோர்களே! பிள்ளை அட்டையும் பசையுமாக அமர்ந்திருந்தால், நேரத்தை வீணாக்குகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு எடை என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். தேர்வில் பின்தங்கிய பிள்ளையின் கையும் கணக்குப் பேசத் தொடங்கும். கையும் கணக்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் மனிதனுக்கு இறக்கை முளைத்தது.

வளர்க நம் மாணவர்! உயர்க அவர்தம் முயற்சி!