ரக்பியும் நம் மாணவிகளும்

ஆறாம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகளுக்குச் சமமாக ஓடி விளையாடும் மாணவிகள், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவராக மைதானத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். மூங்கில்துறைப்பட்டுப் பகுதியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றும் நான் ஆண்டுதோறும் காண்பது இது. இதற்குக் காரணம் வலிமைக் குறைவு அல்ல. கரும்பு வெட்டுக் காலத்தில் தோகைக் கட்டைத் தலையில் சுமப்பவர்கள் இவர்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களோ மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே வளர்ந்தவர்கள். மைதானம் ஆண்களுக்குரியது என்ற எண்ணம்தான் அவர்களை ஓரத்தில் உட்கார வைக்கிறது.

இந்த எண்ணத்தை மாற்ற ரக்பி நல்ல வழி. ஒரு பெண் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தால், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கத் தெருவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ரக்பி நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் யாருக்கும் பழக்கமில்லை. எனவே மாணவர்களும் மாணவிகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

என்ன விளையாட்டு?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து தரையில் வைத்தால் 5 புள்ளிகள். இதற்கு 'ட்ரை' என்று பெயர். அடுத்து, பந்தை இரு கம்பங்களுக்கு இடையே, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக உதைத்தால் மேலும் 2 புள்ளிகள். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருபவருக்குத்தான் கொடுக்கலாம். அதனால் முன்னால் ஓடுபவள் பின்னால் வரும் தோழிகளை நம்பியே ஆக வேண்டும்.

15 பேர் ஆடும் ஆட்டம், 7 பேர் ஆடும் ஆட்டம் என இரண்டும் உண்டு. ஏழு பேர் ஆட்டம் தலா 7 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளில் முடிந்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஆண், பெண் இரு பிரிவுகளிலும் நடக்கிறது. கபடி ஆடிய மாணவிக்கு எதிராளியை மடக்கிப் பிடிப்பது புதிதல்ல. வேகமாக ஓடுபவளுக்கு மட்டுமல்ல, ஓட்டப்பந்தயத்தில் கேலிக்கு ஆளாகும் பருத்த உடல்வாகு கொண்டவளுக்கும் அணியில் இடம் உண்டு.

நம்மைப் போன்ற ஊர்களில்

நகரத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. இந்தியப் பெண்கள் அணி 15 பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேசப் போட்டியை 2018இல் ஆடியது. அடுத்த ஆண்டே, 2019 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில், சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பெனால்டி உதைத்து வெற்றி தேடித் தந்த சுமித்ரா நாயக், ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் புவனேஸ்வரத்தில் நடத்தப்படும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்தவர். மேற்கு வங்கத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் ரக்பி ஆடி இந்திய அணிவரை போயிருக்கிறார்கள். பீகாரின் நாளந்தா மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த ஸ்வேதா ஷாஹி, தடகளத்திலிருந்து ரக்பிக்கு மாறியவர். மலைவாழ் மாணவிகளும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் படிக்கும் நம் பள்ளிகளுக்கு இவை தூரத்துக் கதைகள் அல்ல.

எப்படித் தொடங்குவது?

தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் 'டேக் ரக்பி' போதும். ஒவ்வொருவரும் இடுப்பின் இருபுறமும் ஒரு முழத் துணிப்பட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். பந்துடன் ஓடுபவரின் பட்டையை உருவினால், அவரைப் பிடித்ததாகக் கணக்கு. உடனே அவர் பந்தைப் பின்னால் கொடுத்துவிட வேண்டும். இடிப்பதோ கீழே தள்ளுவதோ கிடையாது. தொடர்ந்து ஆறு முறை பட்டை உருவப்பட்டால் பந்து எதிரணிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சேலைத் துணியும் சுண்ணாம்புக் கோடும் ஒரு பந்தும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். மாணவர்களையும் மாணவிகளையும் கலந்து ஆட விடலாம்.

முதல் வாரம் நின்றபடி பந்து கொடுத்து வாங்குதல்; இரண்டாம் வாரம் வரிசையாக ஓடிக்கொண்டே கொடுத்தல்; மூன்றாம் வாரம் ஆட்டம். துப்பட்டாவோடு ஓடச் சொல்லக் கூடாது. டி-சர்ட்டும் டிராக் பேன்ட்டும் வேண்டும். உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, கேட்க வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ள நாப்கின் ஆகியவை இல்லாமல் எட்டாம் வகுப்பு மாணவியை மைதானத்தில் எதிர்பார்க்க முடியாது.

உண்மையான மடக்கிப் பிடிப்பைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கற்றுத்தர வேண்டும். தோளுக்கு மேல் பிடிப்பது விதிமீறல். தலையில் அடிபட்டு மாணவி தடுமாறினாலோ, வாந்தி வருகிறது என்றாலோ, கேட்டதற்குக் குழப்பமாகப் பதில் சொன்னாலோ, உடனே வெளியேற்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்று மீண்டும் ஆட விடவே கூடாது.

பெற்றோரிடம் பேசும்போது

"கையி காலு முறிஞ்சா நாளைக்கி யாரு டீச்சர் கட்டிக்குவா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்தப் பயத்துக்குப் பேச்சால் மட்டும் பதில் சொல்ல முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் டேக் ரக்பி ஆட்டம் ஒன்றை வைத்துத் தாய்மார்களை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விதிகளையும் பாதுகாப்பையும் அவர்கள் எதிரிலேயே விளக்குங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், பிள்ளை யாரோடு வீடு திரும்புவாள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் உண்மையான தடை அதுதான்.

எல்லோரும் இந்திய அணிக்குப் போக மாட்டார்கள். ஆனால் "பந்தை எனக்குக் கொடு" என்று மைதானத்தில் உரக்கக் கேட்கப் பழகியவள், "நான் மேலே படிக்க வேண்டும்" என்று வீட்டிலும் கேட்பாள். பதினான்கு வயதில் அவளுக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் குரல். வாரத்தில் ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்குவோம்.