பல்கலைக்கழகங்களில் ஒருங்கிணைந்த இடர் மேலாண்மை: கேப் டவுன் நூலகத் தீ உணர்த்துவது

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் நிதி, ஆய்வகம், விடுதி, நூலகம், கணினி வலையமைப்பு எனப் பல பிரிவுகள் தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொரு பிரிவும் தன் இடரை மட்டுமே நோக்கும்பொழுது, பிரிவுகளுக்கிடையே பரவும் இடர் எவர் பொறுப்பிலும் அமைவதில்லை. இக்குறையை நீக்க, இடர்கள் அனைத்தையும் நிறுவனத்தின் நோக்கங்களோடு இணைத்து ஒருசேர மதிப்பிடும் முறையே ஒருங்கிணைந்த இடர் மேலாண்மை எனப்படும்.

2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலைச் சரிவில் பற்றிய காட்டுத்தீ, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்திற்குள் பரவியது. ஜாகர் நூலக வாசிப்புக்கூடமும் அங்கிருந்த ஆப்பிரிக்கவியல் நூற்றொகுப்பின் பெரும்பகுதியும் எரிந்தன. தீத்தடுப்புக் கதவுகள் மூடிக்கொண்டமையால் நூலகத்தின் பிற பகுதிகள் தப்பின. எனினும், தீயணைக்கப் பாய்ச்சிய நீர் நிலவறைக்குள் புகுந்து அங்கிருந்த ஆவணங்களை அச்சுறுத்தியது. ஓர் இடரைத் தணிக்கும் செயலே மற்றோர் இடரைத் தோற்றுவித்தது.

இதனின்று மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன: இடர்ப் பதிவேட்டில் தொடர்விளைவுகளும் இடம்பெற வேண்டும், ஒவ்வோர் இடருக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், ஈடுசெய்ய இயலாதவை முதலில் காக்கப்பட வேண்டும். கட்டடத்தைக் காப்பீட்டுத் தொகையால் மீண்டும் எழுப்பலாம். படியெடுக்கப்படாத கையெழுத்து ஆவணம் எரிந்தால் எத்தொகையும் அதனை மீட்காது. ஆகவே, எண்ணிமப் படியாக்கத்தை நூலகப் பணியாக மட்டுமன்றி, பல்கலைக்கழகத்தின் இடர் தணிப்புச் செலவாகவும் கருதுதல் தகும்.